ஹெல்கெனைத் தாண்டாதவர்களுக்கு

கேள்வி சுருக்கமாக இது: “ஸ்கைரிமில் 300 மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்கிறேன், அந்த கேமின் கடைசி வில்லன் அல்டுயினை ஒருமுறைகூடக் கொன்றதில்லை. பால்டர்ஸ் கேட் 3 வாங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது, இரண்டாம் அத்தியாயத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. பத்துப் பதினைந்து மணி நேரம் ஆனதும் இந்தக் கேரக்டர் சரியில்லை, வேறு போட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. சேவ் பட்டியலில் பதினான்கு பேர் பாதியில் நிற்கிறார்கள். இதிலிருந்து வெளியே வருவது எப்படி?”

பதினான்குதானே, பரவாயில்லை. ஸ்கைரிம் தொடங்கும்போது குதிரை வண்டியில் கைகட்டி உட்கார்ந்திருக்கும் நான்கு பேரில் லோகிர் என்று ஒரு குதிரைத் திருடன் இருப்பான், ஞாபகம் இருக்கிறதா? கதை தொடங்கும் ஊரான ஹெல்கென் வந்ததும் பயந்துபோய் ஓடுவான். நாலடி போவதற்குள் அம்பு பாய்ந்து விழுவான். அந்த மனிதன் சாவதை நான் முப்பது தடவைக்குக் குறையாமல் பார்த்திருக்கிறேன். அதே கேமின் முடிவை முதன்முதலாகப் பார்த்தது, கேம் வெளிவந்து ஏழு வருடம் கழித்து. அதனால் இதை ஒரு டாக்டர் எழுதும் மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் பேசும் கேமர்கள் இதற்கு ரீஸ்டார்ட்டைடிஸ் என்று பேரே வைத்துவிட்டார்கள், ஏதோ டான்சில் வீங்கின மாதிரி. நம் ஊரில் யாராவது பார்த்தால் ஆரம்ப சூரத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த வார்த்தை பாதிதான் பொருந்தும். ஆரம்ப சூரன் வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவான். நீங்கள் போகவில்லையே. முந்நூறு மணி நேரம் அங்கேயே இருந்திருக்கிறீர்கள், வாசலிலேயே சுற்றிக்கொண்டு. உள்ளே போகத்தான் ஏதோ தடுக்கிறது.

இந்தப் பழக்கம் முட்டாள்தனத்தில் பிறந்தது கிடையாது. ஒரு காலத்தில் இதுதான் புத்திசாலித்தனம். 1998இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் கேரக்டரின் பலம், சுறுசுறுப்பு, அறிவு எல்லாவற்றையும் கேம் பகடை உருட்டித்தான் கொடுக்கும். வந்த எண்கள் பிடிக்கவில்லையா, ரீரோல் பட்டனை அமுக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். ஃபைட்டருக்குப் பலம் 18 வந்தால் பக்கத்தில் சாய்கோடு போட்டு இன்னொரு எண் வரும். அது 00, அதாவது 100, என்று வந்தால் லாட்டரி அடித்த மாதிரி. ஒரு கையில் தயிர்சாதம், இன்னொரு கையில் மவுஸ் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதையும் நான் அந்த ஒரு திரையிலேயே கழித்திருக்கிறேன். மொத்தம் 93 வந்தது. நல்ல எண்ணைச் சேமித்து வைக்க அங்கேயே ஒரு பட்டன் உண்டு. ஆனால் விரல் பழக்கதோஷத்தில் ரீரோலை இன்னொரு தடவை அமுக்கிவிட்டது. அந்த 93 இன்றுவரை மறக்கவில்லை. அன்றைக்குக் கதைக்குள் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே பல வருடம் ஆனது.

2000இல் வந்த டையப்லோ 2 இன்னும் கறார். ஸ்கில் பாயின்ட்டைத் தப்பான இடத்தில் போட்டால் போட்டதுதான். நார்மலில் ஒன்றும் தெரியாது, நைட்மேரிலும் எப்படியோ சமாளித்துவிடலாம். ஹெல் டிஃபிகல்ட்டிக்குப் போன பிறகுதான் நம் ஆள் செல்லாக்காசு என்று புரியும். அதற்குள் பல வார ராத்திரிகள் போயிருக்கும். போட்ட பாயின்ட்டுகளைத் திரும்ப வாங்க ஒரு வழி வந்ததே 2010இல், 1.13 பேட்ச்சில். பத்து வருடம்! நடுவில் ஆடியவர்களுக்குப் புதிதாக ஆரம்பிப்பதைத் தவிர வேறு கதியில்லை. 2006இல் வந்த ஆப்லிவியனில் மேஜர் ஸ்கில்களைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால், நாம் லெவல் ஏற ஏற எதிரிகள் நம்மைவிட வேகமாக வலுத்துக்கொண்டு போவார்கள். அந்த கேமே முதல் சுரங்கத்தின் வாசலில் நிறுத்தி, “இனம், பிறந்த ராசி, கிளாஸ் (போர்வீரன், மந்திரவாதி மாதிரியான தொழில்), எதையாவது மாற்ற வேண்டுமா” என்று ஒரு தடவை கேட்கும். ஃபால்அவுட் 3இல் வால்ட் 101ஐ விட்டு வெளியே வரும்போதும், நியூ வேகஸில் குட்ஸ்பிரிங்ஸைத் தாண்டும்போதும் இதே கேள்வி. பழைய ஆட்கள் அந்த வாசலில் ஒரு சேவ் போட்டு அதைப் பொக்கிஷமாகக் காப்பாற்றுவார்கள். நானும் காப்பாற்றினேன். அந்த ஒரு சேவிலிருந்து எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று கணக்கே இல்லை.

இப்போது நிலைமை அப்படி இல்லை. பால்டர்ஸ் கேட் 3இல் விதர்ஸ் என்கிற எலும்புக்கூட்டு ஆசாமி உங்கள் முகாமிலேயே நிற்கிறார். 100 பொற்காசு கொடுத்தால் கிளாஸ், பாயின்ட்டுகள் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து எழுதிக் கொடுப்பார். கையில் திறமை இருந்தால் அந்த 100ஐயும் அவர் பையிலிருந்தே திருடிக்கொள்ளலாம். முதல் அத்தியாயத்துக் கல்லறையில் அவரைத் தவறவிட்டிருந்தாலும் அவரே முகாமுக்கு வந்துவிடுவார். முகம் பிடிக்கவில்லை என்றால் அதை மாற்ற ஒரு மாயக்கண்ணாடி, வெளிவந்த அடுத்த மாதமே பேட்ச்சில் கொடுத்துவிட்டார்கள். இனம், உடலமைப்பு மாதிரி சில விஷயங்களைத்தான் மாற்ற முடியாது. எல்டன் ரிங்கில் ரெனாலா என்ற பாஸை ஜெயித்த பிறகு லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்தால் பாயின்ட்டுகளைத் திரும்பப் பிரித்துப் போடலாம். சைபர்பங்க் 2077கூட 2023இல் 2.0 அப்டேட்டோடு அட்ரிபியூட்டுகளை ஒரு தடவை மாற்றிக்கொள்ள விட்டது.

ஸ்கைரிமை எடுத்துக்கொண்டால் வேடிக்கையே வேறு. அங்கே கிளாஸ் என்ற ஒன்றே கிடையாது. 18 ஸ்கில்கள், எதைப் பயன்படுத்துகிறீர்களோ அது வளரும், யாரும் எதுவும் ஆகலாம். நாற்பது மணி நேரம் கோடாலி வீசிய ஓர்க் நாளைக்கே நெருப்பு மந்திரம் கற்க ஆரம்பிக்கலாம். பெர்க்கை, அதாவது ஸ்கில்லில் பாயின்ட் போட்டு வாங்கிய தனிச்சக்தியை, திரும்ப வாங்கவும் வழி உண்டு. 100ஐத் தொட்ட ஸ்கில்லை லெஜெண்டரி ஆக்கி 15க்கு இறக்கினால் அதில் போட்ட பாயின்ட்டுகள் எல்லாம் கைக்கு வரும். மூக்கு சரியில்லை என்றால், டான்கார்ட் என்ற கூடுதல் பகுதியைப் போட்டிருந்தால் ரிஃப்டனின் பாதாளத்தில் ஒருத்தி 1000 காசுக்கு முகத்தையே மாற்றித் தருவாள். கணக்குப்படி பார்த்தால் ரீஸ்டார்ட் பண்ணவே தேவையில்லாத கேம் அது. ஆனால் ஊர் உலகம் முழுவதும் அதிகமாக ரீஸ்டார்ட் பண்ணுவது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆக, தப்பான பில்ட் (கேரக்டருக்குப் பாயின்ட்டும் சக்தியும் தேர்ந்தெடுத்த விதம்) என்பது பெரும்பாலும் நாம் நமக்கே சொல்லிக்கொள்ளும் சாக்கு. உண்மையில் நடப்பது வேறு.

பால்டர்ஸ் கேட் 3இல் முதல் லெவலிலிருந்து இரண்டுக்குப் போக 300 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) போதும். அடுத்ததற்கு 600. அதற்கடுத்து 1800. நாலிலிருந்து ஐந்துக்கு 3800. முதல் சாயங்காலத்திலேயே இரண்டு மூன்று தடவை புது சக்தி, புது மந்திரம் என்று கிடைத்துக்கொண்டே இருக்கும். ஐந்தாவது லெவலில் ஃபைட்டருக்கு இரண்டாவது அடி, விஸார்டுக்கு ஃபயர்பால். அதுவரைக்கும் ஒரே கொண்டாட்டம். அதற்குப் பிறகு இடைவெளி நீள்கிறது. நீங்கள் சொன்ன பத்துப் பதினைந்து மணி நேரம் வந்து விழுவது இந்த இடத்தைச் சுற்றித்தான். கேரக்டருக்கு எந்தக் கோளாறும் வந்திருக்காது. பரிசுகள் வரும் வேகம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மனசு அதை “ஆள் சரியில்லை” என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது. புதிதாக ஆரம்பித்தால் அந்த வேகம் திரும்பக் கிடைக்கும் என்று கைக்குத் தெரியும், அதனால் கை தானாக நியூ கேமுக்குப் போகிறது.

பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் வாங்கும் புது நோட்டு ஞாபகம் இருக்கிறதா? பழுப்பு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பிள்ளையார் சுழி போட்டு, சிவப்பு மையில் மார்ஜின் இழுத்து, முதல் பக்கத்தில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஏழாவது பக்கத்தில் ஓர் அடித்தல். பன்னிரண்டாவது பக்கத்தில் மை கொட்டியிருக்கும். அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு வாங்கித் தரச் சொல்லி அழுத பையன்கள் உண்டு. வீட்டில் வாங்கித் தரமாட்டார்கள். அந்த அடித்தலோடு வருடம் முழுவதும் ஓட்டுவோம், மார்ச்சில் பார்த்தால் அது நம் நோட்டு, வேறு யாருடையதோடும் மாறாது. கேமில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. நோட்டு இலவசம்.

இந்த “மாட்டேன்” எவ்வளவு முக்கியம் என்று காட்டும் ஒரு பரிசோதனை உண்டு. டேனியல் கில்பர்ட்டும் ஜேன் எபர்ட்டும் 2002இல் வெளியிட்டார்கள். ஹார்வர்டு மாணவர்களுக்குப் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்து, அவரவர் எடுத்த படங்களில் மிகப் பிடித்த இரண்டைப் பிரிண்ட் போடவைத்தார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட வேண்டும். ஒரு பிரிவினரிடம், கொடுத்தால் கொடுத்ததுதான் என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம், சில நாள் டைம் இருக்கிறது, மனசு மாறினால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு கேட்டபோது, மாற்ற வழியில்லாதவர்களுக்குத்தான் தங்கள் படம் அதிகம் பிடித்திருந்தது. மாற்றலாம் என்று இருந்தவர்கள் சரியானதை எடுத்தோமா என்று அரித்துக்கொண்டே இருந்தார்கள். இதில் என்னை உட்காரவைத்த விஷயம், முன்கூட்டியே எது வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் மாற்றிக்கொள்ளும் வசதியைத்தான் கேட்கிறார்கள்.

இதனால்தான் ரெஸ்பெக், அதாவது பாயின்ட்டுகளை அழித்துத் திரும்பப் போடும் வசதி, வந்த பிறகும் நோய் தீரவில்லை. கதவு திறந்தே இருக்கிறது, அதனால் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் கண்ட மருந்து, கதவுக்கு நேரம் குறிப்பது. ஓர் அத்தியாயத்துக்கு ஒரே ஒரு தடவை விதர்ஸிடம் போகலாம், அதுவும் அத்தியாயம் முடியும்போது. நடுவில் ராத்திரி ஒரு மணிக்கு எவ்வளவு பிரமாதமான யோசனை வந்தாலும் போகக் கூடாது. ஸ்கைரிமில் அத்தியாயம் இல்லை என்பதால் பத்து லெவலுக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டேன். கேட்கக் குழந்தைத்தனமாக இருக்கும். ஆனால் “மாற்றலாமா” என்ற கேள்விக்கு “இப்போது இல்லை” என்ற பதில் தயாராக இருந்தால், அது கேட்பதையே பாதி நிறுத்திவிடுகிறது.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்தப் பதினான்கு சேவையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நான் என்னுடையதை எழுதிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. முக்கால்வாசிப் பேர் ஸ்கைரிமின் ஒயிட்ரன் நகர வாசலில், மேற்குக் காவல்கோபுரத்து டிராகனைக் கொன்றுவிட்டு, கிரேபியர்டு துறவிகள் கூப்பிட்டும் மலை ஏறாமல் நின்றார்கள். பெயர்களைப் பார்த்தாலே கதை தெரியும். முதல் ஆளுக்கு அரை மணி நேரம் யோசித்து வைத்த பெயர். ஐந்தாவது ஆளுக்கு அதே பெயரோடு 2. பதினோராவது ஆள் பெயர் ‘ஆஆஆ’. கன்ன எலும்புக்கு மட்டும் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி இருபது நிமிஷம் செலவழித்திருக்கிறேன், பிறகு முதல் ஐந்து நிமிஷத்திலேயே ஹெல்மெட் போட்டு மூடியிருக்கிறேன்.

எல்லோரும் ஒரே இடத்தில் நின்றால், அந்த இடத்தில் கேம் ஏதோ செய்கிறது என்று அர்த்தம். ஒயிட்ரனுக்குப் பிறகு ஸ்கைரிம் கையை விட்டுவிடும். அதுவரை இதைச் செய், அங்கே போ என்று கூட்டிக்கொண்டு வந்தது, திடீரென்று ஜர்னலில் இருபது வேலை, மேப் முழுக்க அம்புக்குறி. பால்டர்ஸ் கேட் 3இல் முதல் அத்தியாயத்தின் கடைசியில், மலைப்பாதையா, அண்டர்டார்க் என்ற பாதாளமா என்று நிற்கும் இடம். டிவினிட்டி ஒரிஜினல் சின் 2இல் ஃபோர்ட் ஜாயை விட்டுக் கிளம்பும் நேரம். பழகிய ஊரை விட்டு எதுவும் தெரியாத ஊருக்குப் போகும்போது வரும் தயக்கம்தான் அது. அங்கே சிக்கியவர்களுக்கு மருந்து சுலபம்: இருபது வேலையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அது முடியும்வரை ஜர்னலைத் திறக்காமல் நடப்பது. பக்கத்தில் தெரியும் குகையை விட்டுவிட்டுப் போகப் பழக வேண்டும். நெஞ்சு அடைக்கும், ஆனால் பழகிவிடும்.

ஒவ்வொரு சேவும் வெவ்வேறு இடத்தில் நின்றால், கடைசியாக ஆடிய தேதிகளைப் பாருங்கள். நடுவில் ஒரு மாதம், இரண்டு மாதம் இடைவெளி இருக்கிறதா? பரீட்சை, ஆபீஸ், கல்யாணம் என்று ஏதோ வந்திருக்கும். திரும்பி வந்தபோது எந்தப் பட்டன் என்ன செய்யும், பையில் இருக்கும் இந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று எதுவும் ஞாபகம் இருக்காது. புதிதாக ஆரம்பிப்பது சுலபமாகத் தெரியும். இதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும். ஆட்டத்தை நிறுத்தும்போது மூன்று வரி எழுதி வையுங்கள்: எங்கே நிற்கிறேன், அடுத்து யாரைப் பார்க்கப் போகிறேன், சண்டையில் எந்த மூன்று சக்தியை நம்பி இருக்கிறேன். திரும்பி வரும் நாளில் கதையைத் தொடாமல் கால் மணி நேரம் சில்லறைக் கொள்ளைக்காரர்களோடு சண்டை போட்டால் விரலுக்கு எல்லாம் திரும்பி வந்துவிடும்.

இனி என் பாலடின் (சபதம் ஏற்ற புனித வீரன்) கதை. பால்டர்ஸ் கேட் 3இல் ஓத் ஆஃப் டிவோஷன் எடுத்து, பொய் சொல்லாத, நல்லவர்களை அடிக்காத ஓர் உத்தமனாகக் கிளம்பினேன். முதல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே, பிறகு கூட வரப்போகும் லேய்செல் என்ற வீராங்கனையைக் கூண்டில் மாட்டி வைத்திருந்த, டீஃப்ளிங் இனத்தவர் இரண்டு பேரிடம் பேச்சு முற்றி வாளை உருவிவிட்டேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்துபோன அகதிகள். சண்டை முடிந்ததும் சபதம் உடைந்தது என்று கேம் அறிவித்தது. சக்தியெல்லாம் போச்சு. கை உடனே எஸ்கேப் பட்டனுக்குப் போனது. அப்போது சேவ் கொஞ்சம் பழையது, திரும்ப அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல். வெறும் சோம்பலால்தான் அன்றைக்குத் தொடர்ந்தேன், பெரிய ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை.

அன்று ராத்திரி முகாமில் கவசம் அணிந்த ஓர் உருவம் வந்து நின்றது. சபதம் உடைத்தவர்களுக்கு என்றே ஓர் ஆள். 1000 பொற்காசு கொடுத்தால் பழைய சபதத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது உடைந்தவனாகவே அவர் பாதையில் போகலாம் என்றார். அப்போது என் பையில் 200கூடத் தேறாது. உடைந்தவனாகவே கிளம்பினேன். இரண்டாம் அத்தியாயத்தின் சபிக்கப்பட்ட நிலத்துக்குள் போகும்போது, நடைப்பிணங்களை என் பக்கம் திருப்பும் சக்தி கையில் இருந்தது. அதைவிட முக்கியம், அந்த இரண்டு அகதிகளின் நினைவு கூடவே வந்தது. அகதி முகாமில் யாரிடம் பேசினாலும், இவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு குறுகுறுப்பு. கேரக்டர் திரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் அந்தக் குறுகுறுப்பை என்னால் உருவாக்கியிருக்க முடியாது. நான் முடித்த முதல் பால்டர்ஸ் கேட் 3 ஆட்டம் அதுதான். உத்தமனாகவே போயிருந்தால் பதினைந்தாவது மணி நேரத்தில் விட்டிருப்பேன் என்று இன்றும் நம்புகிறேன்.

தப்பு நடந்துவிட்டது, ஒரு குவெஸ்ட் கைவிட்டுப் போச்சு, ஒருவர் செத்துவிட்டார் என்பதற்காக ரீஸ்டார்ட் பண்ணுபவர்களுக்கு என் யோசனை, அடுத்த ஒரு மணி நேரம் மட்டும் ஆடிப் பாருங்கள் என்பது. இந்தக் கேம்களை எழுதியவர்கள் உங்கள் தப்புகளுக்கும் சேர்த்துத்தான் வசனம் எழுதியிருக்கிறார்கள். அதைக் கேட்காமலே போவது அவர்கள் உழைப்புக்கும் நஷ்டம்.

புது கிளாஸ் ஆசைக்கு ஒரு குறுக்குவழி உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை. விதர்ஸ் உங்களை மட்டும் மாற்றுவதில்லை, கூட வருபவர்களையும் மாற்றுவார். மாங்க் ஆடிப் பார்க்க ஆசையா? ஆஸ்டேரியனை மாங்க் ஆக்குங்கள். ட்ரூயிட் வேண்டுமா, ஷேடோஹார்ட் இருக்கிறாள். சண்டையில் அவர்களையும் நீங்கள்தான் நகர்த்துகிறீர்கள், அடிக்கிற சுகம் ஒன்றுதான். கதையில் உங்கள் ஆள் அப்படியே இருப்பார். என் முகாமில் ஒரு கட்டத்தில் யாருமே பிறந்த கிளாஸில் இல்லை. கேலைத் தவிர. அவர் விஸார்டாக இருப்பதைப் பற்றி அவ்வளவு பேசுகிறார், மாற்ற மனசு வரவில்லை.

யூடியூபில் “மிகச் சிறந்த பில்ட்” வீடியோக்களை ஆட்டம் நடக்கும்போது பார்ப்பதை விடுங்கள். இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அந்த பில்ட்டுகள் பெரும்பாலும் உச்சக் கடினத்தில், கேமை ஏற்கெனவே மூன்று தடவை முடித்தவர்கள், கடைசி லெவலில் எப்படி நிற்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தவை. நார்மல் டிஃபிகல்ட்டியில் ஆடும் நமக்கு அந்த எட்டு சதவீத டேமேஜ் வித்தியாசம் தெரியவே தெரியாது. பாத்ஃபைண்டர்: ராத் ஆஃப் தி ரைட்டியஸில் 25 கிளாஸ், ஒவ்வொன்றுக்கும் கிளைகள். அதற்கு கைடு படித்துக்கொண்டே மூன்று வாரம் கழித்த ஒருவரை எனக்குத் தெரியும், கேமை இன்ஸ்டால் பண்ணாமலே. எல்டன் ரிங்கில் பத்து கிளாஸில் எதை எடுப்பது என்று தவிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே கிளாஸ் என்பது தொடக்க எண்களும் கைப்பொருளும் மட்டும்தான். எதிலிருந்து கிளம்பினாலும் எந்த ஆயுதத்துக்கும் போகலாம்.

புது யோசனை வந்தால் அதைக் கொல்லவும் வேண்டாம். ஒரு நோட்டில் எழுதுங்கள்: “பாட்டுப் பாடி ஏமாற்றும் குள்ளன், அடுத்த ஆட்டம்.” என் நோட்டில் இருபத்தாறு பேர் இருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துப் படித்தால் இருபது பேர் சப்பென்று தெரிவார்கள். மிச்சம் ஆறு பேர் காத்திருக்கட்டும்.

இப்போதுள்ள ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள், பில்ட்டைப் பற்றி இல்லை, எதைச் செய்யமாட்டான் என்பதைப் பற்றி. “காசுக்குக் கதவு திறப்பாள், கோயில் உண்டியலைத் தொடமாட்டாள்” என்கிற மாதிரி. எண்களால் மட்டும் ஆன ஆளை, அதைவிட நல்ல எண் வந்தால் மாற்றிவிடலாம். உண்டியலைத் தொடாதவளை அவ்வளவு லேசில் விட மனசு வராது. ஸ்கைரிமில் என்ன போட்டாலும் கடைசியில் ஒளிந்திருந்து அம்பு விடுபவனாகவே ஆகிவிடுகிறது என்று அலுத்து ரீஸ்டார்ட் பண்ணுபவர்கள் ஏராளம். நானும் பண்ணியிருக்கிறேன். கடைசியில் சரி, உனக்குப் பிடித்தது அதுதான், அப்படியே இரு என்று விட்ட பிறகுதான் அல்டுயின் செத்தான். முதுகில் அம்போடு.

எதுவுமே வேலை செய்யவில்லை என்றால், நடுவில் கேரக்டர் உருவாக்கும் திரையே இல்லாத ஒரு கேமை முடித்துவிட்டு வாருங்கள். 2015இல் வந்த விட்சர் 3இல் நீங்கள் ஜெரால்ட், அவ்வளவுதான். மூக்கைக்கூட மாற்ற முடியாது. நீளமான கேம் ஒன்றின் நடுப்பகுதி எப்படி இருக்கும், அலுப்பு எங்கே வரும், எப்படித் தாண்டும் என்று உடம்புக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டால் மற்றவற்றில் அவ்வளவு பதறாது.

மாட் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்த சேர்க்கைகள்) போடுபவர்கள் தனி வார்டு. நடுவில் மாட்டைக் கழற்றினால் சேவ் நிஜமாகவே கெட்டுப்போகும், அது ரீஸ்டார்ட் பண்ண நியாயமான காரணம். ஆனால் ஆரம்பிக்கும் முன் பட்டியலைப் பூட்டிவிட்டு, முடியும்வரை மாட் தளங்களுக்குப் போகாமல் இருப்பது என்று ஒரு வழி இருக்கிறதே. இரண்டாவது மணி நேரத்திலேயே கிளாஸ் நிஜமாகப் பிடிக்கவில்லை என்றாலும் தயங்காமல் மாற்றுங்கள், அதில் தப்பில்லை. சிலருக்குத் தொடக்கம்தான் பிடிக்கும், பத்து மணி நேரம் ஆடி மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். அவர்களுக்கு நோயே இல்லை, இதைப் படிக்கவும் தேவையில்லை. நீங்கள் முடிவைப் பார்க்க ஆசைப்பட்டுக் கேட்டதால்தான் இவ்வளவும்.

பதினான்கில் எதை எடுப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். கடைசியாகப் போட்டவரை எடுக்காதீர்கள், அவர் இன்னும் புது நோட்டு. லெவல் அதிகமாக இருப்பவரை எடுங்கள், எவ்வளவு அசிங்கமாகப் பாயின்ட் போட்டிருந்தாலும். லோட் ஆனதும் விதர்ஸ் பக்கம் திரும்பாமல் நேரே கிளம்புங்கள். இரண்டாம் அத்தியாயத்துக்குள் நுழையும் இடத்தில், முடிக்காத வேலைகள் இருந்தால் முடித்துக்கொள்ளச் சொல்லி கேம் ஒரு எச்சரிக்கை காட்டும். முடிக்காத வேலைகள் நிச்சயம் இருக்கும். பரவாயில்லை, ஆமாம் என்று அமுக்குங்கள்.